வீட்டுக்குள் மணத்த பெற்றோல்



போன மாதம் புளியாணம் பற்றி எழுதினேன். இம்மாதம் மோட்டார் சைக்கிளின் பெற்றோல் டாங்கி பற்றி எழுதப் போகிறேன். "இது நம்முடைய பக்கமா, ஆண்களின் பக்கமா?" என்று கேட்பீர்கள். சைக்கிள் ஓடுவது ரோட்டில்தான். ஆனால் இரவில் நிற்பது நம் வீட்டில், பிள்ளைகள் படுக்கும் பாய்க்குப் பக்கத்தில். ஆகவே இது நம்முடைய பக்கமும்தான்.

2022 ஓகஸ்ட் மாதம். அந்த நாட்களை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். கியூஆர் அட்டைக்கு மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர்தான். ஒரு லீற்றர் 450 ரூபாய். வெளியில் நிற்கும் சைக்கிளில் இரவோடு இரவாக குழாய் போட்டு உறிஞ்சிக்கொண்டு போகிறார்கள் என்று சம்மாந்துறையில் தெருவுக்குத் தெரு பேச்சு. அதனால் நாங்களும் எல்லோரையும் போல சைக்கிளை முன் அறைக்குள் ஏற்றி வைத்துக் கதவைப் பூட்டினோம். சிறுபோக வேளாண்மை வெட்டுகிற நேரம். விடிந்தால் அவர் வட்டைக்குப் போக வேண்டும். அந்த 4 லீற்றர் எங்களுக்கு அரிசிக்குச் சமம்.

ஓர் இரவு, மின்வெட்டு நேரம். பிள்ளைகள் படுத்துவிட்டார்கள். நுளம்புச் சுருள் கொளுத்துவதற்காக நெருப்புப் பெட்டியுடன் தரையில் குந்தினேன். குந்தியதும் மூக்கில் ஏறியது பெற்றோல் மணம். நின்றபோது அவ்வளவாகத் தெரியவில்லை. குச்சியை எடுத்த கை அப்படியே நின்றுவிட்டது.

"இஞ்சேருங்க, எழும்புங்க, ஊடெல்லாம் பெற்றோல் மணக்குது" என்றேன்.

"மூடி இறுகியிருக்காது புள்ள, படு" என்றார் அவர். நான் படுக்கவில்லை. கதவுகளையும் ஜன்னல்களையும் திறந்து, பிள்ளைகளைப் பின் அறைக்கு மாற்றி, சைக்கிளை ஸ்டார்ட் பண்ணாமல் வளவுக்குத் தள்ளிக்கொண்டு போனோம். டாங்கியின் அடியில் கை வைத்தார் அவர். விரல் நனைந்தது.

நின்றபோது மணக்காமல் குந்தியபோது ஏன் மணந்தது? பெற்றோல் ஆவி காற்றை விட மூன்று நான்கு மடங்கு கனமானது. அது மேலே போகாது, தண்ணீர் மாதிரி தரையோடு பரவி மூலையில் தேங்கும். நாம் சுருள் வைப்பது தரையில். மெழுகுதிரி வைப்பதும் பலநேரம் தரையில். சிறு குழந்தை தவழ்வதும் தரையில். இன்னொன்று: நம் ஊரில் மண்ணெண்ணெய் பழகிய கை எல்லாருக்கும் உண்டு. விளக்குக்கு ஊற்றி, அடுப்புக்கு ஊற்றிப் பழகிவிட்டோம். பெற்றோலையும் அதே பயமில்லாமல் கையாளுகிறோம். மண்ணெண்ணெயில் தீப்பற்றும் அளவுக்கு ஆவி எழும்ப அது ஏறத்தாழ 38 பாகை செல்சியஸாவது சூடாக வேண்டும். பெற்றோலுக்கோ பூச்சியத்துக்குக் கீழே 40 பாகைக் குளிரிலும் அந்த ஆவி உண்டு. நம் ஊர் வெயிலில் சொல்லவே வேண்டாம்.

அந்த இரவுக்கு வைத்தியம் சொன்னவர் என் மாமா. எழுபது வயது, பழைய சைக்கிளோட்டி. "மகள், கட்டிச் சவுக்காரம் இருக்கா?" என்றார். உடுப்புக் கழுவும் சவுக்காரத்தின் காய்ந்த விளிம்பைத் துளை மேல் அழுத்தித் தேய்த்தார். ஒழுக்கு நின்றது! சவுக்காரம் தண்ணீரில் கரையும், பெற்றோலில் கரையாது. அதுதான் சூட்சுமம். ஒரு மழை பட்டால் கழுவிக்கொண்டு போய்விடும் என்பதையும் அவரே சொன்னார். சூயிங்கம் ஒட்டுவார்கள் சிலர். அதைப் பெற்றோல் இளக்கிவிடும்.

சவுக்காரம் வைப்பதற்கு முன், எவ்வளவு போகிறது என்று பார்க்க ஒரு டின்னை ஒரு மணித்தியாலம் அடியில் வைத்திருந்தேன். ஏறத்தாழ ஒரு மேசைக்கரண்டி விழுந்திருந்தது. கணக்குப் பார்த்தால் ஒரு வாரத்தில் 2 லீற்றருக்கு மேல்! எங்கள் பங்கில் பாதி தரைக்குப் போயிருக்கிறது.

மறுநாள் காலை ஒரு சின்ன யுத்தம். மகன் பதினேழு வயது. "உம்மா, சோல்டர் பண்ணும் கம்பி இருக்கு, பெற்றோலைக் கொட்டிட்டு ஈயம் வெச்சா சரி" என்றான். "வெறும் டாங்கிதானே, என்ன பயம்?" என்று அவரும் சேர்ந்துகொண்டார். இந்த இடத்தில்தான் நான் விட்டுக்கொடுக்கவில்லை. நிரம்பிய டாங்கியை விட வெறும் டாங்கிதான் பொல்லாதது. நிரம்பியதில் ஆவிக்கும் காற்றுக்கும் இடமில்லை. வெறும் டாங்கியிலோ சுவரில் ஒட்டிய ஈரம் ஆவியாகிக் காற்றோடு கலக்கிறது. நூறு பங்கில் ஒன்றரை முதல் ஏழரைப் பங்கு வரை ஆவி இருந்தால் போதும், ஒரு பொறியில் வெடிக்கும். அது தகரத்தால் மூடிய வெடி. வெல்டிங் தெரிந்த தொழிலாளிகள் கூட டாங்கியைப் பலமுறை கழுவி, தண்ணீர் நிரப்பிய பிறகுதான் நெருப்பைக் கிட்டக் கொண்டுபோவார்கள்.

"அப்ப என்னதான் செய்யலாம்?" என்றான் மகன். செய்தோம், மூன்று நாள் எடுத்தது. அவர் அந்த மூன்று நாளும் அயலவரின் சைக்கிளில் பின்னால் ஏறி வட்டைக்குப் போனார். முணுமுணுப்பும் இருந்தது.

முதலில் அடுப்படிக்கு எதிர்ப்பக்கம், வளவின் கோடியில், வெளிச்சமான இடத்தில் சைக்கிளை நிறுத்தினோம். காஸ் கிடைக்காமல் விறகடுப்பை வளவில் மூட்டிய காலம் அது. அன்று மத்தியானம் வரை அடுப்பை மூட்டவில்லை, பாணும் சம்பலும்தான். பெற்றோல் குழாயைக் கழற்றி, டாங்கித் திறப்பின் வழியாகவே தகர கேனில் இறக்கினோம். வாயால் உறிஞ்சப் போன மகனைத் தடுத்தேன். ஒரு மிடறு நுரையீரலுக்குள் போனாலே ஆபத்து. அப்படி யாராவது விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்கக் கூடாது, உடனே ஆஸ்பத்திரி. அம்புலன்சுக்கு 1990. நெருப்புக் காயத்துக்கு இருபது நிமிடம் ஓடும் தண்ணீர், பற்பசையோ எண்ணெயோ வேண்டாம்.

சீட்டைக் கழற்றி ஆணியைத் திருகியதும் டாங்கி கையோடு வந்தது. சூரியனுக்குப் பிடித்து மூடி வாயால் பார்த்தோம். அடியில் செங்கல் பொடி மாதிரித் துரு. கொஞ்சம் தண்ணீரும் நின்றது. தண்ணீர் பெற்றோலை விடக் கனம், அதனால் அடியிலேயே கிடந்து தகரத்தைத் தின்கிறது. மூடியின் றப்பர் வெடித்திருந்தால் மழைத் தண்ணீர் இறங்கும். அரை டாங்கியில் இரவுக் குளிருக்கு உள்ளே வியர்க்கும். வாரம் 4 லீற்றர் என்றால் டாங்கி எப்போதும் அரைக்கும் குறைவுதானே. தட்டுப்பாடும் டாங்கியைத் தின்றிருக்கிறது என்று எனக்குத் தோன்றியது.

சவுக்காரத்தூள் போட்டுத் தண்ணீரால் நாலைந்து தடவை கழுவினோம். பிறகு விநாகிரி ஊற்றி, ஒரு பிடி பழைய நட்டுகளைப் போட்டு, மகன் குலுக்கு குலுக்கென்று குலுக்கினான். பக்கத்து வீட்டு மச்சி வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "என்னகா, அச்சாறு போடுறீங்களா?" என்று கேட்டாள். ஓர் இரவு ஊற வைத்து, நட்டுகளை எடுத்து, தண்ணீரால் கழுவி, புளிப்பு போக அப்பச்சோடா கரைத்த தண்ணீரால் அலசி, திரும்பவும் கழுவி, வெயிலில் கவிழ்த்தோம்.

இங்கே ஒரு ஏமாற்றம். துரு போனதும் ஒரு துளை மூன்றாகிவிட்டது! அதுவரை துருதான் மற்ற இரண்டையும் அடைத்துக்கொண்டிருந்தது. அவர் தலையில் கை வைத்தார். எனக்கு அது நல்லதாகவே பட்டது, நடு ரோட்டில் திறக்காமல் வளவில் திறந்ததே.

துளைகளைச் சுற்றி ஐந்து ரூபாய்க் குற்றி அகலத்துக்குப் பெயின்ற் முழுதும் போகும்வரை சாண்ட் பேப்பரால் தேய்த்தோம். பெயின்ற் மேல் ஒட்டினால் பெயின்றோடு உரிந்து வரும். தின்னர் தொட்ட துணியால் துடைத்து, இரண்டு பகுதியாக விற்கும் எபொக்சி பசையைச் சம அளவு எடுத்து, நிறம் ஒன்றாகும்வரை ரொட்டி மா போலப் பிசைந்தோம். இந்த வேலையை நான்தான் செய்தேன், கையில் பொலித்தீன் உறை போட்டுக்கொண்டு. துளைக்குள் இறங்கும்படி பெருவிரலால் அழுத்தி, விளிம்பை மெல்லியதாக இழுத்துவிட்டு, ஒரு முழு நாள் அசைக்காமல் வைத்தோம். அவசரப்பட்டு உள்ளே எண்ணெய் ஊற்றக் கூடாது, துளை வழியாகக் கசிந்து பசையைப் பிடிக்கவிடாது. பசை காய்ந்த பிறகு முதலில் தண்ணீர் ஊற்றிப் பத்திரிகைத் தாள் மேல் வைத்துப் பார்த்தோம். தாள் நனையவில்லை. தண்ணீரைக் கொட்டி, நன்றாகக் காய வைத்து, இறக்கி வைத்திருந்த பெற்றோலில் கொஞ்சம் விட்டு உள்ளே சுழற்றிய பிறகே பூட்டினோம். மூடிக்குப் புதிய றப்பரும் வாங்கினோம்.

இது எல்லா டாங்கிக்கும் சரிவராது. இரண்டு தகரம் பொருந்தும் தையல் வழியாக ஒழுகினால், அல்லது விரலால் அழுத்தும்போது தகரம் உள்ளே போனால், பசையை நம்ப வேண்டாம், வேறு டாங்கிதான். பசை வைத்த டாங்கியை வீட்டுக்குள் ஏற்றுவதும் எனக்குச் சம்மதமில்லை. அன்றிலிருந்து சைக்கிள் பின் விறாந்தையில், சங்கிலி போட்டு, இரண்டு பூட்டுகளுடன் நின்றது. திருடனுக்குப் பயந்தால் இன்னொரு பூட்டு வாங்கலாம் என்றேன், அவரும் வாங்கி வந்தார்.

அந்தப் பசை ஒரு வருடத்துக்கு மேல் பிடித்தது. 2023 செப்டெம்பரில் கியூஆர் முறை நின்ற பிறகுதான் கல்முனையில் ஒரு பாவித்த டாங்கி வாங்கி மாற்றினோம். பழையதை இரும்பு வாங்குபவர் எடுக்க வந்தபோது, "காஸில் வெட்டுறதெண்டா முதல்ல தண்ணி நிரப்புங்க காக்கா" என்று மகன் அவரிடம் சொல்லிக்கொண்டிருந்தது குசினிக்குள் கேட்டது.