எறையூருக்கு யார் தலைவர்?

பெரம்பலூர் மாவட்ட வரலாறு என்று பேச ஆரம்பித்தால் ரஞ்சன்குடி கோட்டை வரும், வாலிகண்டபுரம் கோயில் வரும். கொஞ்சம் விவரமானவர்கள் சாத்தனூர் கல்மரத்தையும் சேர்த்துக்கொள்வார்கள். நல்லதுதான். ஆனால் இங்கே ஒவ்வொரு ஊரையும் யார் நிர்வாகம் செய்தார்கள் என்ற வரலாறு மட்டும் யார் வாயிலும் வராது. தெருவிளக்கு எரிவதும் குழாயில் தண்ணீர் வருவதும் அந்த வரலாற்றில்தான் இருக்கிறது!

வேப்பந்தட்டை வட்டத்தில் உள்ள எறையூரையே எடுத்துக்கொள்ளுங்கள். சர்க்கரை ஆலை இருக்கிறது, அரசு நிறுவனம். சிப்காட் தொழில் பூங்கா 2022 நவம்பரில் தொடங்கப்பட்டது, அதுவும் அரசு நிறுவனம். இரண்டுக்கும் தலைமை அலுவலகம் சென்னையில். ஊரின் முகத்தையே மாற்றுகிற முடிவுகள் எல்லாம் வெளியில் எடுக்கப்படுகின்றன. ஊருக்கு என்று மிச்சம் இருப்பது ஊராட்சி மன்றம் ஒன்றுதான். அதையாவது ஒழுங்காக இருக்க விட்டார்களா?

1980 வரை கிராமத்தில் மணியக்காரரும் கர்ணமும் பரம்பரையாக ஆண்டார்கள். அப்பா, மகன், பேரன் என்று அதிகாரம் கைமாறியது. 1980 நவம்பரில் எம்.ஜி.ஆர். அரசு அந்தப் பதவிகளை ஒரே அடியில் ஒழித்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயும் அரசின் முடிவு நின்றது. பிறகு வந்தவர்தான் வி.ஏ.ஓ. பரம்பரை போனது, சரி. ஆனால் வந்தது மக்கள் அல்ல, அலுவலர்! வருவாய்த்துறையில் அப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிடலாம். ஊராட்சியிலும் அதே கதை என்றால்?

1986-ல் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. அடுத்தது 1996-ல்தான். இதைத் தடுக்கத்தான் 73-வது அரசியல் சட்டத் திருத்தம் 1993-ல் அமலுக்கு வந்தது. பதவிக்காலம் 5 ஆண்டு, அது முடிவதற்குள் அடுத்த தேர்தலை நடத்தி முடிக்க வேண்டும் என்று தெளிவாக எழுதி வைத்தார்கள். 1996, 2001, 2006, 2011 என்று வண்டி ஓடியது. 2016 அக்டோபரில் நின்றது. மூன்று வருடம் கழித்து 2019 டிசம்பரில்தான் பெரம்பலூர், அரியலூர் உள்ளிட்ட 27 மாவட்டங்களில் ஊரகத் தேர்தல் நடந்தது. அந்தப் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ல் முடிந்தது. அதற்குள் அடுத்த தேர்தல் நடந்ததா? இல்லை. மறுபடியும் தனி அலுவலர்! 2016-ல் ஆண்டது ஒரு கட்சி, 2025-ல் வேறு கட்சி. இந்த விஷயத்தில் மட்டும் இரண்டுக்கும் என்ன ஒற்றுமை பாருங்கள்.

காமர்ஸ் கணக்கில் சொன்னால் புரியும். ஒரு கம்பெனியில் இயக்குநர்களின் காலம் முடிந்துவிட்டது. பங்குதாரர்களைக் கேட்காமல், வெளியில் இருந்து ஒரு மேனேஜரை உட்காரவைத்து, "இனி இவரே போர்டு" என்றால் பங்குதாரர்கள் சும்மா இருப்பார்களா? கிராம சபையும் அந்தப் பொதுக்குழு மாதிரிதான். 2022 முதல் வருடத்துக்கு 6 கூட்டம். கூட்டத்தில் தீர்மானம் போடலாம். அதை நிறைவேற்றச் சொல்லி யார் சட்டையைப் பிடிப்பது? பெரம்பலூர் மாவட்டத்தில் 121 ஊராட்சி, 4 ஒன்றியம். சராசரியாக ஓர் ஒன்றியத்துக்கு 30 ஊர். அத்தனைக்கும் ஒரு ஒன்றிய அலுவலர் எப்படித் தலைவராக இருக்க முடியும்? அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் ஒரு நாளில் 24 மணி நேரம்தானே!

"தலைவர்கள் எல்லாம் காசு பார்க்கிறார்கள், அதிகாரியே மேல்" என்று ஒரு வாதம் வரும். தப்பு செய்தால் தலைவரை நீக்க 1994 ஊராட்சிகள் சட்டத்தின் 205-வது பிரிவு கலெக்டருக்கு அதிகாரம் தருகிறது. அடுத்த தேர்தலில் ஊரே நீக்கலாம். தனி அலுவலரை ஊர் நீக்க முடியுமா? "வார்டு வரையறை முடியவில்லை" என்பது அடுத்த வாதம். பதவிக்காலம் எந்தத் தேதியில் முடியும் என்பது ஐந்து வருடம் முன்பே தெரியாதா? பக்கத்துக் கேரளாவில் கொரோனாவுக்கு நடுவிலேயே 2020 டிசம்பரில் உள்ளாட்சித் தேர்தலை நடத்திக் காட்டினார்கள்.

நமக்கு உள்ளாட்சியைச் சொல்லிக்கொடுத்ததாகப் பெருமை பேசுகிற இங்கிலாந்தில் என்ன நிலைமை? 1894 சட்டத்தால் வந்த பாரிஷ் கவுன்சில் இன்றும் இருக்கிறது. சில நூறு பேர் மட்டும் வசிக்கிற கிராமத்திலும் தனக்கு எவ்வளவு வரி வேண்டும் என்று கவுன்சிலே முடிவு செய்கிறது. அங்கே கிளார்க் கவுன்சிலின் ஊழியர். இங்கே அலுவலரே கவுன்சில்!

இதில் நஷ்டம் யாருக்கு? பணக்காரருக்கு எம்.எல்.ஏ.வைத் தெரியும், நேராகப் போய்ப் பேசிக்கொள்வார். 50 சதவீத ஒதுக்கீட்டில் நாற்காலிக்கு வந்த பெண்களுக்கும், சுழற்சி முறையில் வந்த தாழ்த்தப்பட்ட மக்களுக்கும்தான் நஷ்டம். அவர்களுக்கு இருந்த ஒரே கதவு அது. 2016-க்குப் பிறகு தேர்தல் இல்லாததால் மத்திய நிதிக்குழு மானியமும் தமிழ்நாட்டுக்கு நிறுத்தி வைக்கப்பட்டது. உரிமையும் போய்ப் பணமும் போனது.

சட்டசபைத் தேர்தலை ஒரு மாதம் தள்ளிப்போட்டால் நாடே கொதிக்கும். எறையூர் தேர்தலைத் தள்ளிப்போட்டால் டீக்கடையில்கூடப் பேச்சு இல்லை. அந்த மௌனம் இருக்கும் வரை எந்தக் கட்சி வந்தாலும் தனி அலுவலர் வருவார். அடுத்த முறை ஓட்டுக் கேட்டு வருகிறவர்களிடம் எறையூர்க்காரர்கள் சாலையும் பாலமும் கேட்பதற்கு முன்னால் இதைக் கேட்கட்டும்: "எங்கள் தேர்தல் எந்தத் தேதியில்?"