கண்ணாடியின் கனமும் தகப்பனின் கணக்கும்



சென்ற ஆண்டு திருத்தணியில் ஒரு புது வீட்டை மந்திரிக்கச் சென்றிருந்தேன். கூடத்துச் சுவரோரம் சில கண்ணாடிகள் சாய்த்து வைக்கப்பட்டிருந்தன. பத்தாம் வகுப்பில் தேறிய மகனுக்கு வாக்களித்த மீன் தொட்டியைத் தம் கையாலேயே செய்துவிடத் தகப்பனார் எண்ணியிருந்தார். 4 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், 2 அடி உயரம். ஜன்னல்களுக்குப் போட்டு மீந்த 5 மில்லிமீட்டர் கண்ணாடிதான் கையிருப்பு. "மழையையும் காற்றையும் தாங்குகிற கண்ணாடி, சாமி, ஒரு தொட்டித் தண்ணீரைத் தாங்காதா?" என்றார். தொட்டி அமையவிருந்த இடத்தருகே, பாயில், அவருடைய இரண்டு வயதுப் பெண் குழந்தை உறங்கிக்கொண்டிருந்தது.

அக்கேள்விக்கு விடை கூறாமல் தீர்த்தம் தெளித்துவிட்டு வர எனக்கு மனம் வரவில்லை.

நம் ஊர்ப்புறத்து ஏரிக்கரையைக் கவனித்திருப்பீர்கள். அடியில் அகன்றும் மேலே குறுகியும் இருக்கும். ஆழம் கூடக்கூடத் தண்ணீரின் அழுத்தம் மிகுவதே அதற்குக் காரணம். ஏரி எவ்வளவு பரந்திருந்தாலும் கரையை அழுத்துவது ஆழமே. இவ்வுண்மையைத் தெளிவாக விளக்கியவர்களுள் ஒருவர், பிரெஞ்சு நாட்டு அறிஞரும் ஆழ்ந்த விசுவாசியுமான பிளேஸ் பாஸ்கல் (1623–1662).

அவர் காட்டிய வழியில் கணக்கிட்டோம். அத்தொட்டி கொள்ளும் தண்ணீர் ஏறத்தாழ 340 லிட்டர். எடை 340 கிலோ. முன்புறக் கண்ணாடி ஒன்றை மட்டும் அது தள்ளும் விசை ஏறத்தாழ 225 கிலோ. உயரத்தை 1 அடியாகக் குறைத்தால் அவ்விசை 57 கிலோவுக்கு இறங்கிவிடும். உயரம் இரட்டித்தால் சுமை நான்கு மடங்காகிறது. ஆகவே முதலில் கேட்க வேண்டியது, 'எத்தனை லிட்டர்?' என்பதன்று, 'எவ்வளவு உயரம்?' என்பதே.

கண்ணாடியின் கனம் இரட்டித்தால், வளைக்கும் சுமையைத் தாங்கும் வலுவும் நான்கு மடங்காகும். 4 அடி நீளத் தொட்டிக்கு, உயரம் 1 அடியாயின் 6 மில்லிமீட்டரும், ஒன்றரை அடியாயின் 10 மில்லிமீட்டரும், 2 அடியாயின் 12 மில்லிமீட்டரும் வைப்பது பத்திரம். இரும்பு முறியுமுன் வளைந்து எச்சரிக்கும், கண்ணாடி எச்சரிப்பதில்லை. அதிலுள்ள நுண்ணிய கீறல்கள் இடைவிடாத சுமையாலும் ஈரத்தாலும் மெல்ல வளர்கின்றன. இன்று தாங்கியது ஆறு திங்கள் கழித்தும் உடையலாம்.

தொட்டியின் மேல்விளிம்பைப் பிடித்துக்கொள்ள ஒன்றுமில்லாததால், நீண்ட கண்ணாடி அவ்விடத்தின் நடுவிலேதான் வெளிப்புறம் பிதுங்கும். எனவே நீளவாட்டில் இருபுறமும் விளிம்பை ஒட்டி, உட்புறமாக, 2 அங்குல அகலக் கண்ணாடிப் பட்டைகளைப் படுக்கை வசமாக ஒட்ட வேண்டும். நடுவில் ஒரு குறுக்குப் பட்டை முன் கண்ணாடியையும் பின் கண்ணாடியையும் இணைக்க வேண்டும். மீன் தொட்டிக்கென்றே விற்கும் சிலிக்கோன் பசை ஒரு வாரமேனும் உலரட்டும். தாங்கும் மேசை மட்டமாயிருக்க வேண்டும்; அடிக்கண்ணாடி முழுவதும் படியுமாறு கீழே தெர்மாகோல் விரிக்க வேண்டும்.

தேர்ந்த வல்லுநர் கட்டியதும் உடைவதுண்டு. பெர்லின் நகரத்து ஓட்டல் ஒன்றின் கூடத்தில், 10 இலட்சம் லிட்டர் நீரும் ஏறத்தாழ 1,500 மீன்களும் கொண்ட 'அக்வாடோம்' என்ற அக்ரிலிக் தொட்டி 2022 டிசம்பர் 16 அன்று வெடித்துச் சிதறியது. மீன்களில் பெரும்பாலானவை மாண்டன; இருவர் காயமுற்றனர். அதிகாலை வேளையாதலால் கூடத்தில் கூட்டமில்லை.

நம் தகப்பனார் உறங்கும் குழந்தையைச் சற்று நேரம் நோக்கினார். பிறகு உயரத்தை ஒன்றரை அடியாகக் குறைத்துக்கொண்டார். பணம் சேர இரண்டு திங்களாயின. மகன் முகம் வாடினான், அதையும் பொறுத்துக்கொண்டார். பின்னர் இருவருமாகப் புறநகர் இரயிலேறி வில்லிவாக்கத்தில் இறங்கி, வண்ண மீன் வணிகத்துக்குப் பெயர்பெற்ற கொளத்தூருக்குச் சென்று பசையும் வேண்டிய பொருள்களும் வாங்கினர். 10 மில்லிமீட்டர் கண்ணாடியை வெட்டுவித்து, ஒட்டி, முற்றத்தில் வைத்து, மீனின்றித் தண்ணீர் மட்டும் நிரப்பி ஒரு வாரம் காத்திருந்தனர். அதன் பின்னரே தொட்டி கூடத்துக்குள் வந்தது. ஜன்னல் கண்ணாடி கோழிக்கூண்டுக்குக் கதவாயிற்று.

கோபுரம் கட்டுகிறவன் முதலில் அமர்ந்து செலவைக் கணக்கிடுவதைப் பற்றி ஆண்டவர் சொன்ன உவமை லூக்கா நற்செய்தி 14-ஆம் அதிகாரத்தில் உள்ளது. பிள்ளைகள் மீதுள்ள பாசத்தால் நாம் அவசரப்படுகிறோம். அமர்ந்து கணக்கிடுவதும் பாசத்தின் கடமையே. அந்தக் குறுக்குப் பட்டையையும் எண்ணிப் பாருங்கள். தண்ணீர் இரு கண்ணாடிகளையும் எதிரெதிர்த் திசைகளில் தள்ளுகிறது. ஒன்றையொன்று பற்றியிருப்பதால் இரண்டும் நிலைக்கின்றன. கணவனும் மனைவியும் தாங்கும் சுமையும் இத்தகையதன்றோ?

இம்மாதம் உங்கள் இல்லத்தில் எதைக் கட்ட நினைத்தாலும், ஒரு மாலை குடும்பமாக அமர்ந்து கணக்கிட்டு, செபித்து, பிறகு தொடங்குங்கள். இறை ஆசீர் உங்களோடு இருப்பதாக.