துவக்கின் உறுதியை நம்பிக் கண்ணை இழக்கலாமா?

நெற்கதிர் முற்றும் காலத்திலும், மரவள்ளியும் வற்றாளையும் கிழங்கு வைக்கும் காலத்திலும் காட்டுப்பன்றியின் தொல்லை எத்தகையது என்பதைக் கமக்காரருக்கு எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. ஒரு போகத்தின் உழைப்பை ஓரிரவில் அது கிளறி அழித்துவிடும். ஆகவே, அனுமதிப்பத்திரம் பெற்ற துவக்கு கமக்காரர் பலரிடத்தில் மண்வெட்டியைப் போல ஒரு தொழிற்கருவியாக உள்ளது. ஆயின், மண்வெட்டியின் பிடி தளர்ந்தால் உடனே ஆப்பு வைத்து இறுக்கும் நாம், துவக்கை மட்டும் ஒருமுறை வாங்கிய பின் எந்நாளும் நம்பத்தக்கது எனக் கொள்கிறோம். “இரும்புதானே, தாங்கும்” என்பது பலருடைய எண்ணம். இவ்வெண்ணம் தவறானது என்பதும், துவக்கின் உறுதியைவிடச் சுடுபவரின் கவனமே அவரைக் காக்கும் என்பதும் இப்பிரசுரத்தின் கருத்தாகும்.

அமுக்கம் எழும் விதம்

விசையை இழுத்ததும் ஊசி தோட்டாவின் கேப்பை அடிக்கிறது. அதனின்று எழும் தீப்பொறியால் மருந்து எரிந்து கணப்பொழுதில் வாயுவாக மாறுகிறது. மோட்டார் வண்டியின் சக்கரத்தில் அடைக்கப்படும் காற்றின் அமுக்கம் சதுர அங்குலத்துக்கு ஏறக்குறைய 30 இறாத்தல் ஆகும். சன்னம் சுடும் 12 போர் துவக்கில் எழும் அமுக்கமோ 10,000 இறாத்தல் அளவினது. .303 றைபிளில் அது 45,000 இறாத்தல் அளவுக்கு உயரும்.

இவ்வளவு அமுக்கத்தையும் உருக்கு மாத்திரம் தடுத்து நிறுத்துவதில்லை. றைபிள் தோட்டாவின் பித்தளைக் கோது விரிந்து அறையின் சுவரோடு ஒட்டி, வாயு பின்னே வராதபடி அடைக்கிறது. கோது கிழிந்தாலும், அதன் அடிப்பாகம் உடைந்தாலும், வாயு பின்னோக்கிப் பாயும். சுடுபவரின் முகம் இருப்பது அத்திசையிலேயே என்பதை மறத்தலாகாது.

வலிமை மிக்க றைபிளும் உடைந்த வரலாறு

வேட்டைக்குரிய துவக்குகளுள் வலிமை மிக்கது போல்ற் றைபிள் என்பர். தண்டொன்றை முன்னே தள்ளிக் கீழே மடக்கினால், அதன் முனையிலுள்ள உருக்குப் புடைப்புக்கள் பூட்டுப் பெட்டியினுள் திரும்பி மாட்டிக்கொள்ளும். 1898 ஆம் ஆண்டின் ஜெர்மன் மௌசர் றைபிள் இவ்வகைக்குச் சிறந்த எடுத்துக்காட்டாகும். அதன் தண்டில் முன்புறம் இரண்டு புடைப்புக்களும், அவை தவறினால் தாங்குதற்குப் பின்புறம் ஒன்றும் உள்ளன. அத்துடன், கோது உடைந்தால் வாயு பக்கமாக வெளியேறுதற்குத் தண்டில் இரண்டு துளைகளும், முகத்தை நோக்கி வரும் வாயுவை விலக்குதற்கு ஒரு விளிம்பும் அமைக்கப்பட்டன. இத்துணை உறுதியான கருவியைச் செய்தவரே உறுதியை முழுவதும் நம்பினாரல்லர். கோது ஒருநாள் உடையக்கூடும் என்று எண்ணியே வழி செய்தார்.

அமெரிக்க இராணுவத்தின் 1903 ஆம் ஆண்டு ஸ்பிறிங்ஃபீல்ட் றைபிளின் வரலாறு இதனிலும் தெளிவான பாடமாகும். அதன் பூட்டுப் பெட்டிகளைச் செய்தபோது, காய்ச்சிய உருக்கின் வெப்பத்தைத் தொழிலாளர் நிறத்தைப் பார்த்துக் கண்ணாலேயே மதிப்பிட்டனர். மப்பு நாளிற் பிரகாசமாய்த் தோன்றும் அதே உருக்கு, வெயில் நாளில் மங்கலாகத் தோன்றும். ஆதலால் வெயில் நாட்களில் உருக்கு அளவுக்கு மிஞ்சிக் காய்ச்சப்பட்டது. வெப்பமானி கொண்டு அளந்தபோது, இவ்வேறுபாடு பாரன்ஹைற் அளவில் 300 பாகை வரை இருந்தமை தெரிந்தது. அவ்வாறு எரிந்த உருக்கு கண்ணாடி போல் நொறுங்குந் தன்மை பெற்றது.

இவ்றைபிள்கள் யாவும் 70,000 இறாத்தல் அமுக்கந் தரும் பரீட்சைத் தோட்டாவாற் சோதிக்கப்பட்டுத் தேறியவை என்பதே இங்கு கவனிக்கத்தக்கது. பரீட்சைத் தோட்டாவின் கோது நல்லதாயிருந்தமையால் பெட்டி தாங்கிற்று. பின்னர், கோது பழுதான தோட்டாக்களைச் சுட்டபோதும், ஜெர்மன் தோட்டாக்களைத் தவறுதலாக இட்டுச் சுட்டபோதும், வெளிப்பட்ட வாயுவின் திடீர் அடியினால் பெட்டி துண்டு துண்டாகச் சிதறியது. 1917 ஆம் ஆண்டில் விசாரணை தொடங்கி, மறு ஆண்டிற் செய்முறை மாற்றப்பட்டது. 800,000 என்னும் இலக்கத்துக்கு முந்திய ஸ்பிறிங்ஃபீல்ட் பெட்டிகள் பழுதுபார்க்கத் திரும்பி வருமாயின், அவற்றைக் கழித்துவிடுவதென 1928 இல் தீர்மானிக்கப்பட்டது. நேற்றுத் தாங்கியது என்பது இன்றும் தாங்கும் என்பதற்குச் சான்றாகாது என்பதை இவ்வரலாறு காட்டுகிறது.

நம்மிடத்தில் நேரக்கூடியவை

பேரரசொன்றின் தொழிற்சாலையில் உருவாகிச் சோதனையில் தேறிய றைபிளுக்கே இந்நிலையென்றால், பல ஆண்டுகள் பரணிலும் கொட்டிலிலும் கிடந்த துவக்கைப்பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. அமுக்கம் அளவு கடத்தற்குக் காரணங்கள் பலவெனினும், கமக்காரர் கருத்திற் கொள்ள வேண்டியவை மூன்றாகும்.

முதலாவது, குழல் அடைபடுதல். வரம்பில் இடறி விழும்போது குழல்வாயிற் சேறு புகுகிறது. மூலையிற் சாத்திவைத்த துவக்கின் குழலினுட் குளவி மண்கூடு கட்டுகிறது. துடைத்த சீலைத்துண்டு உள்ளே தங்கிவிடுகிறது. விரைந்து வரும் சன்னமும் வாயுவும் இவ்வடைப்பிற் தடைப்பட்டதும் குழல் அவ்விடத்திற் புடைக்கும் அல்லது வெடிக்கும். துவக்கைத் தாங்கும் இடக்கை பெரும்பாலும் அதற்கு அண்மையிலேயே உள்ளது. சுடும்போது வழமையான ஓசை எழாது “பொட்” என்று மெல்லிய ஓசை மாத்திரம் கேட்டால், தக்கையோ குண்டோ குழலில் நின்றிருத்தல் கூடும். குழலைப் பாராது அடுத்த வெடி வைத்தல் தற்கொலைக்கு ஒப்பாகும்.

இரண்டாவது, பொருந்தாத தோட்டா. 20 போர் தோட்டா 12 போர் துவக்கிற் புகுந்து, அறையைக் கடந்து முன்னே சென்று நின்றுவிடும். துவக்கு வெறுமையாயுள்ளது என எண்ணி, அதன் பின்னே 12 போர் தோட்டாவை இட்டுச் சுட்டால் குழல் பிளக்கும். இதன் பொருட்டே 20 போர் தோட்டாவை மஞ்சள் நிறத்திற் செய்வது வழக்கமாயிற்று. இரண்டரை அங்குல அறையுள்ள பழைய துவக்கில் இரண்டே முக்கால் அங்குலத் தோட்டாவைச் சுடுவதும் அமுக்கத்தை உயர்த்தும். புகுகின்றது என்பதனால் மாத்திரம் ஒரு தோட்டா பொருந்தியதாகிவிடாது.

மூன்றாவது, பழுதான தோட்டாவும் கைச்சரக்கும். ஈரத்தில் ஊதிய தோட்டா, நெளிந்த கோது, கிறீசு பூசிய தோட்டா, நாள் முழுதும் வெயிலிற் காய்ந்த தோட்டா ஆகியவற்றை விலக்குக. வீட்டில் மருந்து கூட்டி அடைத்த தோட்டாவை எவர் கொடுத்தாலும் ஏற்றல் ஆகாது. இடியன் துவக்கு கரிமருந்துக்கென அமைந்தது. புகையற்ற மருந்தை அதில் இடுதல் அழிவைத் தேடுவதாகும். தண்ணீர்க் குழாயினாற் செய்த துவக்கும் கட்டுத்துவக்கும் சட்டத்துக்கு மாறானவை. செய்தவனையும் வழிப்போக்கனையும் வேறுபாடின்றிக் கொல்பவை.

அபாய அறிகுறிகள்

றைபிளின் தண்டு வழமைக்கு மாறாக இறுகித் திறக்க மறுத்தால், அதைக் கட்டையால் தட்டித் திறந்து மீண்டும் சுடுதல் கூடாது. சுட்ட கோதை எடுத்துப் பார்த்தல் வேண்டும். கேப்பு தட்டையாகிப் பரந்திருப்பினும், அதனைச் சுற்றிக் கரி படிந்திருப்பினும், கோது வெடித்திருப்பினும், அது அமுக்கத்தின் எச்சரிக்கையாகும். அன்றே அத்துவக்கை ஒதுக்கிவைத்துத் தேர்ந்த தொழிலாளரிடம் காட்டுக. மண்வெட்டி அடிக்கும் கொல்லர் திறமையுடையவரே. எனினும் குழலையும் பூட்டையும் காய்ச்சி அடித்தல் அவர் தொழிலன்று. உருக்கு காய்ச்சும் பிழையால் விளைந்ததை மேலே கண்டோம்.

விசை இழுத்தும் வெடிக்காவிடின், உடனே திறவாது, குழல்வாயைப் பாதுகாப்பான திசையில் நீட்டியவாறு குறைந்தது 30 விநாடி பொறுத்திருத்தல் வேண்டும்.

ஒரு மறுப்பும் அதற்கு விடையும்

“பன்றி வந்து நிற்கும்போது குழலைப் பார்த்துக்கொண்டிருக்க முடியுமா?” என்று சிலர் வினவுவர். வினா நியாயமானதே. ஆனாற் பார்க்க வேண்டிய நேரம் அதுவன்று. பொழுது சாயுமுன், பரணில் ஏறுவதற்கு முன்னர், துவக்கைத் திறந்து தோட்டா இல்லையென உறுதி செய்து, பின்புறமிருந்து குழலினூடாக வெளிச்சத்தை நோக்குக. வட்டம் முழுமையாகத் தெரிய வேண்டும். இதற்கு ஒரு நிமிடமும் செல்லாது. வயலுக்குத் தண்ணீர் திறக்குமுன் வாய்க்காலின் அடைப்பைப் பார்ப்பவர்க்கு இது புதுப் பழக்கமன்று.

ஆண்டுதோறும் அனுமதிப்பத்திரத்தைப் புதுப்பிக்கிறோம். அத்தறுவாயில் துவக்கையும் அறிந்தவரிடம் காட்டிச் சோதிப்பித்தல் ஒவ்வொரு கமக்காரரும் தமக்குத் தாமே விதித்துக்கொள்ள வேண்டிய விதியாகும். பன்றி தின்ற பயிரை அடுத்த போகத்தில் மீண்டும் விளைவிக்கலாம். இழந்த கண்ணை எப்போகத்திலும் விளைவித்தல் இயலாது. ஆகவே கமக்காரர் யாவரும் இரும்பின்மேல் வைத்த நம்பிக்கையைத் தம் கவனத்தின்மேல் வைப்பாராக.