ஒலி பிந்துகிறது என்று பிள்ளை சொன்னால்...



வழக்கமாக இப்பக்கத்தில் இலக்கணம், பாடநூல், பள்ளி நடவடிக்கை ஆகியவற்றைப் பற்றியே எழுதி வருகிறேன். இன்று, தொலைக்காட்சிக்குக் கீழே நீளமாகக் கிடக்கும் சவுண்ட்பாரைப் பற்றி எழுதப் போகிறேன். ‘ஆசிரியைக்கு வேறு வேலை இல்லையா?’ என்று எண்ணுவோர் சற்றுப் பொறுத்துப் படிக்க வேண்டுகிறேன். என் மகனிடம் நான் செய்த ஒரு தவறும், வகுப்பறையில் செய்யவிருந்து தப்பிய ஒரு தவறும் இதில் அடங்கியுள்ளன.

மகன் இடைநிலைப்பள்ளியில் இரண்டாம் படிவம் பயில்கிறான். வார இறுதியில் மட்டும் கேம் கன்சோலில் விளையாட அவனுக்கு அனுமதி உண்டு. சில மாதங்களுக்கு முன் ஒரு நாள், “அம்மா, நான் அழுத்தி முடிச்ச பிறகுதான் சத்தம் வருது” என்றான். நான் உடனே ஒரு திரைப்படத்தை ஓடவிட்டுச் சோதித்தேன். அது தெலுங்கிலிருந்து மொழிமாற்றம் செய்யப்பட்ட படம்! அதில் வாயும் சொல்லும் என்றைக்குப் பொருந்தியிருக்கின்றன? என் மடமையை உணர்ந்து, நேரடித் தமிழ்ப்படம் ஒன்றைப் போட்டுப் பார்த்தேன். வாயசைவும் குரலும் அச்சுப் பிசகாமல் பொருந்தின. “கருவியில் குற்றமில்லை. தோற்றுப்போனதற்குச் சாக்குச் சொல்லாதே” என்று கடிந்துகொண்டேன்.

அதன்பின் அவன் முறையிடுவதை நிறுத்திக்கொண்டான். சவுண்ட்பாரை அணைத்துவிட்டு, தொலைக்காட்சியின் சொந்த ஒலிபெருக்கியில், அந்தத் தகர டப்பா ஒலியிலேயே விளையாடத் தொடங்கினான். காசு கொடுத்து வாங்கிய பொருளை வீம்புக்கு அணைத்து வைக்கிறான் என்று எனக்கு மேலும் சினம். ஒரு சனிக்கிழமை மாலை அவன் சண்டையிடாமல் கைப்பிடியை என்னிடம் நீட்டி, “நீங்களே அழுத்திப் பாருங்கம்மா” என்றான். அழுத்தினேன். திரையில் வீரன் குதித்துத் தரையில் கால் பதித்த பிறகு குதித்த ஓசை வந்தது. பிள்ளை உண்மையைத்தான் சொல்லியிருக்கிறான்!

அப்படியானால் திரைப்படத்தில் மட்டும் எப்படிச் சரியாக இருந்தது? இதைத்தான் பெற்றோர்கள் அறிந்துகொள்ள வேண்டும்.

இன்றைய தொலைக்காட்சி, தனக்கு வரும் படத்தை அப்படியே காட்டுவதில்லை. அசைவை மென்மையாக்கி, நிறத்தைத் திருத்தி, கூர்மையேற்றிய பிறகே காட்டுகிறது. இவ்வேலைக்கு நூறு மில்லிநொடி வரை, அதாவது நொடியில் பத்தில் ஒரு பங்கு வரை, செலவாகலாம். படம் இவ்வாறு பிந்தும்போது சவுண்ட்பாரின் ஒலி முந்திக்கொள்ளும். எங்கள் வீட்டிலும் முதலில் அப்படித்தான் இருந்தது. ஆகவே, சவுண்ட்பார் வாங்கிய புதிதில் அதன் அமைப்பிலுள்ள ‘ஆடியோ டிலே’ அளவை நானே உயர்த்தி, ஒலியைப் பிந்த வைத்து, படத்தோடு பொருத்தினேன். பொருந்தியதும் அதை மறந்தும்விட்டேன்.

மகன் கன்சோலை இயக்கியதும் என்ன நடக்கிறது? விளையாட்டு வருவதை உணர்ந்து தொலைக்காட்சி தானாகவே ‘கேம் மோட்’ நிலைக்கு மாறுகிறது. 2017இல் வெளியான எச்.டி.எம்.ஐ. 2.1 தரத்தோடு வந்த வசதி இது. அந்நிலையில் தொலைக்காட்சி தன் ஒப்பனை வேலைகளைக் கைவிட்டுப் படத்தை விரைந்து காட்டும். படம் முன்னேறிவிட்டது, ஒலியோ நான் பிடித்து வைத்த இடத்திலேயே நிற்கிறது. குற்றவாளி கன்சோலும் அன்று, கடைக்காரரும் அல்லர். வீட்டுத் தலைவிதான்!

இன்னொன்றும் உண்டு. திரைப்படத்தில் கண்ணும் காதும் ஒத்துப்போனால் போதும். இரண்டுமே அரை நொடி பிந்தி வந்தாலும் நமக்குத் தெரியாது. விளையாட்டில் மூன்றாவதாக விரல் இருக்கிறது. விரல் அழுத்திய கணம் பிள்ளைக்குத் தெரியும். ஆகவே, ஒன்றைத் தாமதப்படுத்தி மற்றொன்றோடு பொருத்தும் உத்தி அங்குச் செல்லாது. திரைப்படத்தை ஓடவிட்டு விளையாட்டின் ஒலித்தாமதத்தைச் சோதிப்பது, வாசிப்புத் தேர்வு வைத்து எழுத்துப்பிழையைத் திருத்துவதற்கு ஒப்பாகும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. ஒலி பிந்துகிறதே என்று பலர் அந்த ‘ஆடியோ டிலே’ அமைப்பைத்தான் தேடிப்போய் அளவைக் கூட்டுகிறார்கள். பெரும்பாலான கருவிகளில் அது ஒலியை மேலும் பின்னுக்குத் தள்ளுமே அன்றி முன்னுக்குக் கொண்டுவராது. இன்னும் வராத ஒலியை எந்தக் கருவியாலும் முன்கூட்டித் தர இயலாது அல்லவா? பிந்தும் ஒலிக்கு மருந்து ஒன்றே: அது கடந்துவரும் வழியில் உள்ள நிறுத்தங்களைக் குறைத்தல்.

நாங்கள் செய்தவை இவை. முதலில் அந்த அளவைச் சுழியத்திற்கு இறக்கினோம். குறை பெருமளவு நீங்கியது. ஆயினும் மகனின் காது முழுமையாக ஒப்பவில்லை. அடுத்து, கன்சோலின் ஒலி அமைப்பைப் பார்த்தோம். அதில் ‘பிட்ஸ்ட்ரீம்’ என்றிருந்தால் ஒலி பொட்டலமாகக் கட்டி அனுப்பப்படுகிறது. அதைச் சவுண்ட்பார் பிரித்து எடுக்க நேரம் ஆகும். ‘லீனியர் பி.சி.எம்.’ என்று மாற்றினால் கட்டுவதும் பிரிப்பதும் குறையும். பிளேஸ்டேஷன் 5 போன்ற கருவிகளில் ஒலி அமைப்பின் கீழ் இத்தேர்வு உள்ளது. தொலைக்காட்சியின் ஒலி வெளியீட்டிலும் ‘பி.சி.எம்.’ அல்லது ‘பாஸ் த்ரூ’ என்பவற்றை ஒவ்வொன்றாக வைத்துப் பார்க்க வேண்டும். எது விரைவானது என்பது கருவிக்குக் கருவி மாறும். சவுண்ட்பாரின் செயற்கைச் சூழொலியையும் அணைத்தோம். கம்பி எந்தத் துளையில் செருகப்பட்டுள்ளது என்பதையும் பாருங்கள். ‘ஏ.ஆர்.சி.’ 2009இல் எச்.டி.எம்.ஐ. 1.4 தரத்தோடு வந்தது, ‘இ-ஏ.ஆர்.சி.’ பின்னர் 2.1 தரத்தோடு வந்தது. இரு கருவிகளிலும் இரண்டாவது இருந்தால் அதையே பயன்படுத்துங்கள். படத்தையும் ஒலியையும் தாமே ஒத்திசைக்கும் வசதி அதில் கட்டாயமாக்கப்பட்டுள்ளது. புளூடூத்தை விளையாட்டுக்கு நாடவே வேண்டாம்.

எவ்வளவு குறைந்தது என்று அளக்க மகன் ஒரு வழி கண்டான். கைப்பேசியை அருகில் வைத்து, பொத்தானின் ‘டிக்’ ஓசையையும் அதனால் சவுண்ட்பாரில் எழும் ஓசையையும் ஒரே பதிவில் பிடித்தான். அப்பதிவை ஆடாசிட்டி என்னும் இலவச மென்பொருளில் திறந்தால் இரண்டு ஓசைகளும் இரண்டு மேடுகளாகத் தெரிகின்றன. மேடுகளுக்கு இடைப்பட்ட தொலைவே தாமதம். பழைய அமைப்பில் ஏறக்குறைய கால் நொடி. பிறகு அதில் பாதிக்கும் குறைவு. திரைப்படத்திற்கு மட்டும் அசைவை மென்மையாக்கும் ஒப்பனையை அணைத்துவிட்டோம். இப்போது இரண்டுக்கும் சுழியமே போதுமானதாக உள்ளது.

‘கால் நொடிக்கு இத்தனை ஆர்ப்பாட்டமா?’ என்று ஆசிரியர் அறையில் ஒரு நண்பர் கேட்டார். தமிழாசிரியர் கேட்கத்தகாத கேள்வி அது! கண்ணிமைப்பொழுதையும் கைநொடிப்பொழுதையும் கொண்டு ஒலியை அளந்து, மெய்யெழுத்துக்கு அரை மாத்திரை என்று வகுத்த மரபு நம்முடையது.

தவிர, இதற்கு உலக அளவுகோலும் உண்டு. அனைத்துலகத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 1998இல் வெளியிட்ட பரிந்துரையின்படி, படத்தைவிட ஒலி 45 மில்லிநொடி முந்தினாலே மனிதர் கண்டுகொள்வர். பிந்தினால் 125 மில்லிநொடி வரை கண்டுகொள்வதில்லை. ஏன் இந்த ஓரவஞ்சனை? ஒலி பிந்துவது இயற்கையில் உள்ளதுதான். தைப்பூசத்தன்று டத்தோ கிராமாட் சாலையில் தேங்காய் உடைப்பதை 50 மீட்டர் தள்ளி நின்று பாருங்கள். ஒலி நொடிக்கு ஏறத்தாழ 343 மீட்டர்தான் செல்லும். ஆகவே ஓடு சிதறுவது முதலில் தெரியும். ஓசை ஏழில் ஒரு பங்கு நொடி கழித்துக் கேட்கும். நம் மூளை அதற்குப் பழகியுள்ளது. உடைவதற்கு முன் ஓசை கேட்டால்தான் திடுக்கிடுவோம். எங்கள் வீட்டுக் கால் நொடியோ அந்த எல்லையையும் கடந்து நின்றது.

இனி வகுப்பறைக்கு வருகிறேன். வீட்டில் இது நடந்த சில வாரங்களில், முதலாம் ஆண்டு மாணவர்களுக்கு ‘மரம், வரம், பரம்’ ஆகிய சொற்களின் ஒலிப்பைக் காணொலி வழி பயிற்றுவித்துக்கொண்டிருந்தேன். படம் பெரிய திரையில். ஒலி மடிக்கணினியிலிருந்து புளூடூத் ஒலிபெருக்கிக்கு. ஒரு மாணவி கண்களை இறுக மூடிக்கொண்டே திரும்பச் சொன்னாள். கவனமில்லை என்று அதட்ட வாயெடுத்தேன். வீட்டு நினைவு வந்து தடுத்தது. ஏன் மூடுகிறாய் என்று மட்டும் கேட்டேன். “கண்ணை மூடினாதான் டீச்சர் சரியா கேக்குது” என்றாள்.

ம, ப இரண்டும் இதழ்கள் பொருந்திப் பிறப்பவை. வ மேற்பல்லும் கீழ் இதழும் பொருந்திப் பிறப்பது. தொல்காப்பியத்தின் பிறப்பியல் சொல்வதுதான். நாமும் பிள்ளைகளிடம் ‘என் வாயைப் பார்’ என்றுதானே தொடங்குகிறோம்? 1976இல் மெக்கர்க், மெக்டொனால்ட் ஆகிய உளவியலாளர்கள், ‘க’ சொல்லும் வாயசைவோடு ‘ப’ ஒலியை இணைத்துக் காட்டியபோது பலர் ‘ட’ என்று கேட்டனர். காது கேட்பதைக் கண் மாற்றிவிடுகிறது. பிந்திய ஒலியோடு ஒரு வாயைப் பார்க்க வைத்து, தவறாகச் சொன்ன பிள்ளைக்கு மதிப்பெண் குறைத்திருந்தால் அக்குறை யாருடையது? மறுநாள் ஒரு சாதாரண ஒலிக்கம்பியை மாட்டினேன். அம்மாணவி கண்ணைத் திறந்துகொண்டு சொன்னாள்.

விளையாட்டே கேடு, அதற்கு ஒலி எப்படி இருந்தால் என்ன என்று கேட்கும் பெற்றோரும் உளர். எத்தனை மணி நேரம் விளையாடலாம் என்பது வேறு வழக்கு. அதில் நான் கண்டிப்பானவள். ஆனால் கெட்ட கருவியைக் கையில் கொடுத்துவிட்டு, அது கெட்டிருக்கிறது என்று சொல்லும் பிள்ளையைப் பொய்யன் ஆக்குவது கண்டிப்பு ஆகாது.

பெற்றோர் ஆசிரியர் சங்கத்தினருக்கு ஒரு வேண்டுகோள். பள்ளி மண்டபத்திற்கும் வகுப்பறைக்கும் திரையும் சவுண்ட்பாரும் வாங்கும்போது, ஒலி எவ்வளவு உரக்கக் கேட்கிறது என்று மட்டும் பார்த்துப் பணம் கட்டாதீர்கள். ஒருவர் கைதட்டும் காணொலியைக் கடையிலேயே போட்டுக் காட்டச் சொல்லுங்கள். முடிந்தால் பத்து வயதுப் பிள்ளை ஒன்றை உடன் அழைத்துச் செல்லுங்கள்.

மகனிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். “பரவாயில்லம்மா” என்றவன், அந்த அளவை இனித் தன்னைக் கேட்காமல் மாற்றக்கூடாது என்று தொலையியக்கியின் பின்புறம் ஒரு தாள் ஒட்டி வைத்திருக்கிறான். அதில் ஓர் ஒற்றுப்பிழை. இன்னும் திருத்தவில்லை.