புகை படிந்த குசினி

வவுனியாவிலிருந்து ஒரு சகோதரி நமக்கு நீண்ட கடிதமொன்று வரைந்திருக்கிறார். மகளின் பிறந்தநாளுக்கெனச் சென்ற மாதம் ஓரிரவு அவர் பயற்றம் பணியாரம் சுட்டுக்கொண்டிருந்தாராம். தொலைபேசி மணியடிக்கவே விறாந்தைக்குச் சென்றார், பேச்சு நீண்டுவிட்டது. திரும்பி வந்தபோது தாச்சியில் எண்ணெய் தீப்பற்றி எரிந்துகொண்டிருந்தது. பதறிப்போய்ச் செம்பிலிருந்த தண்ணீரை அதன்மேல் ஊற்றினார். தீ முகடுவரை எழுந்தது. கணவர் ஓடிவந்து எரிவாயுவை மூடி, பெரிய அலுமினியச் சட்டியொன்றைக் கவிழ்த்து ஒருவாறு அணைத்தார். அடுத்த அறையில் உறங்கிய ஐந்து வயதுக் குழந்தைக்கு ஒன்றும் நேரவில்லை. சகோதரியின் முழங்கையிற் சில கொப்புளங்கள் மட்டுமே.

இப்பொழுது வீட்டில் வேறொரு தீ மூண்டிருக்கிறது. கரி படிந்த சுவர்களைச் சவர்க்கார நீரினாற் கழுவவேண்டுமென்று கணவர் ஒரு பக்கச் சுவரைக் கழுவியும் விட்டார். அது முன்னிலும் கறுத்துப்போயிற்று. இரண்டு தரம் சுண்ணாம்படித்தால் எல்லாம் மறைந்துவிடும், எங்கள் காலத்தில் அப்படித்தானே செய்தோம் என்கிறார் மாமியார். இருவரில் யார் சொல்வது சரியென்று நாம் தீர்ப்புக் கூறவேண்டுமாம். தாய்க்கும் மகனுக்கும் நடுவே நின்று தீர்ப்புக் கூறுவதும் அடுப்பிற் கைவைப்பதும் ஒன்றே. ஆயினும் கேட்டபின் வாளாவிருத்தல் முறையன்று. இருவர் சொல்லிலும் பாதி உண்மை இருக்கிறது; ஆனால் இருவருமே முதற்படியை விட்டுவிட்டனர்.

விளக்குக் கரியை நெய்யிற் குழைத்தாற் கண்மையாகிறது. எழுத்தாணியாற் கீறிய ஏட்டின்மேற் கரியை எண்ணெயுடன் தடவினால் எழுத்துத் துலங்குகிறது. நூறாண்டு கழிந்தும் அது அழிவதில்லை. அடுப்பெண்ணெய்ப் புகையின் கரியும் நெய்ப்பசையுள்ளதே. அதன்மேல் நீரை வார்த்து ஈரத்துணியால் அழுத்தித் தேய்த்த கணவர், தம் சுவருக்கு மை பூசிவிட்டார் என்றே சொல்லவேண்டும். கரி சுவரின் நுண்துளைகளுள் இறங்கிவிட்டது. எனவே முதலில் ஈரம் கூடவே கூடாது.

குசினியின் யன்னல்களைத் திறந்து காற்றோட்டம் உண்டாக்குங்கள். ஆனால் மின்விசிறியைப் போடவேண்டாம், அது கரியை வீடு முழுவதும் விநியோகம் செய்துவிடும். மூக்கையும் வாயையும் மூடும் முகக்கவசமும் கையுறையும் அணிந்துகொள்ளுங்கள். பிள்ளைகளை அப்பக்கம் விடாதீர்கள். கரி வெறும் அழுக்கன்று. புகைக்கூடு துடைக்கும் தொழிலாளரைப் பீடித்த புற்றுநோய்க்குக் கரியே காரணமென்று இலண்டன் சத்திரசிகிச்சை நிபுணர் பேர்சிவல் பொட் 1775ஆம் ஆண்டிலேயே எடுத்துக்காட்டினார்.

மென்மையான உலர்ந்த தூரிகையினால் மேலிருந்து கீழாக, தேய்க்காமல், தட்டிவிடுவதுபோற் கரியை இறக்குங்கள். தூசி உறிஞ்சும் இயந்திரம் இருப்பின் அதன் வாயைச் சுவரிற் படாமற் சற்றே விலக்கிப் பிடிக்கலாம். அதன்பின் முதல்நாட் பாணை எடுத்து, ஓரத்தை நீக்கி, உள்ளிருக்கும் மென்பகுதியாற் சுவரை ஒற்றி ஒற்றி எடுங்கள். கறுத்த பக்கத்தைக் கிள்ளி எறிந்துவிட்டுப் புதுப்பக்கத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும். சிரிக்கவேண்டாம், நிலக்கரி எரித்த மேல்நாட்டு வீடுகளிற் சுவர்க்கடதாசியை இப்படித்தான் துடைத்தார்கள். பின்னர் அதற்கென்றே மாப்பசை ஒன்று கடைகளுக்கு வந்தது. நிலக்கரி அடுப்புகள் மறையத் தொடங்கியபின் அப்பசையே 1956இல் ‘பிளே-டோ’ என்ற பெயரிற் பிள்ளைகளின் விளையாட்டுப் பொருளாயிற்று. கடிதம் எழுதிய சகோதரியின் மகளும் அதை உருட்டி விளையாடியிருக்கக்கூடும்.

உதிரும் கரி நீங்கியபின் பசைபோல் ஒட்டிய படலம் எஞ்சும். இப்பொழுதுதான் கணவரின் சவர்க்காரத்துக்கு வேலை. இளஞ்சூட்டு நீரிற் சவர்க்காரத்தூளும் சிறிது சலவைச் சோடாவும் கரைத்து, துணியை நன்றாகப் பிழிந்து, கீழிருந்து மேலாகத் துடைத்துச் செல்லுங்கள். மேலிருந்து தொடங்கினால் வழியும் அழுக்கு நீர் உலர்ந்த சுவரிற் கோடுகளாய்ப் படிந்து நிற்கும். நீரை அடிக்கடி மாற்றுங்கள். மாமியாரின் பூச்சு கடைசிப் படியில் வருகிறது. சுவர் முற்றாக உலர்ந்தபின், உதிரும் பழஞ்சுண்ணாம்பைச் சுரண்டி, அரக்கை மதுசாரத்திற் கரைத்த அடிப்பூச்சையோ எண்ணெய் அடிப்பூச்சையோ பூசி, அதன்மேல் வர்ணம் அடிக்கவேண்டும். வெறும் சுண்ணாம்பு, புகையின் கறையைச் சில வாரங்களே மறைக்கும். பின்னர் மஞ்சட் திட்டுகள் வெளிப்பட்டு மாமியாரையே கோபமூட்டும். அடிப்பூச்சு உலரும்வரை குசினியில் அடுப்பு மூட்டாதீர்கள். அதன் ஆவியும் தீப்பற்றக்கூடியது.

மூடாமல் இருந்த மா, சீனி, மிளகாய்த்தூள் முதலியவற்றையும் வெப்பம் பட்ட மருந்துகளையும் எறிந்துவிடுங்கள். சிக்கனம் காட்டும் இடம் இதுவன்று. மின்வயரோ பிளாஸ்டிக்கோ எரிந்திருந்தால் பித்தளை, வெள்ளிப் பாத்திரங்களை அன்றே துடைத்தெடுக்க வேண்டும். பீ.வீ.சீ. எரியும் புகையில் ஐதரோகுளோரிக்கமிலம் பிறந்து உலோகத்தை அரிக்கும். கருகிய சுவிச்சை மின் தொழிலாளர் பார்க்குமுன் தொடவேண்டாம்.

இனி, சகோதரி கேளாத கேள்விக்கு வருவோம். எண்ணெய் ஏன் அப்படிச் சீறியது? நீர் எண்ணெயிலும் பாரமானது. ஊற்றியவுடன் அடியிற் சென்று கொதித்து, ஏறத்தாழ 1,700 மடங்கு பருமனுள்ள நீராவியாக வெடித்தெழுகிறது. எரியும் எண்ணெயை அதுவே துளிதுளியாக வாரி எறிகிறது. ஒரு செம்புத் தண்ணீர் முகடுவரை தீயைக் கொண்டுபோனதன் இரகசியம் இவ்வளவே. செய்யவேண்டியதைக் கணவர் செய்தார்: அடுப்பை நிறுத்தி, மூடினார். தாச்சியைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடுவதும் தவறு. மூடியபின் ஆறும்வரை திறந்து பார்ப்பதும் தவறு. காற்றுப் பட்டதும் மீண்டும் எரியும். பொரிக்கும்போது தாச்சிக்கு அளவான மூடியொன்று கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். எண்ணெய் புகைவிடத் தொடங்கினால் அது எச்சரிக்கை. அப்பொழுது தொலைபேசி அடித்தால் அடிக்கட்டும்.

கடிதத்தின் நடுவே சகோதரி போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறார்: நுளம்பு வராதிருக்கக் குழந்தையின் அறைக்கதவைச் சாத்தி வைத்திருந்தாராம். நாம் அந்த வரியை இரண்டு முறை வாசித்தோம். வீட்டுத் தீயில் இறப்பவர் பலர் சுவாலை தீண்டி இறப்பதில்லை, புகையால் இறக்கின்றனர். புகையிலுள்ள காபனோரொட்சைட்டுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. நெடி வந்து உறங்குபவரை எழுப்பும் என்று நம்புவதும் பிழை. உறக்கத்தில் மூக்கும் உறங்குகிறது. சாத்திய கதவு புகையையும் வெப்பத்தையும் சில நிமிடங்களாவது தடுத்து நிற்கும். அன்றிரவு அந்தக் குழந்தைக்கு அந்த நிமிடங்கள் கிடைத்தன. இயலுமானவர்கள் படுக்கையறைகளுக்கு வெளியேயுள்ள நடையின் முகட்டிற் புகை உணர்ந்து ஒலிக்கும் கருவியொன்றைப் பொருத்துங்கள். புகை சூழ்ந்தால் நிமிராமல் நிலத்தோடு தவழ்ந்து வெளியேறப் பிள்ளைகளைப் பழக்குங்கள். அவர்களுக்கு அது விளையாட்டாகவே இருக்கும்.

எரிவாயுவைப் பற்றி நம் வாசகர்களுக்கு அதிகம் சொல்லத் தேவையில்லை. 2021ஆம் ஆண்டின் இறுதியில் நாட்டின் பல பாகங்களிலும் அடுப்புகள் வெடித்ததையும், புரொப்பேன், பியூட்டேன் கலவை விகிதம் பற்றி எழுந்த வாதங்களையும் எவரும் மறந்திருக்கமாட்டார்கள். கலவை நம் கையில் இல்லை. குழாய் நம் கையில் இருக்கிறது. சவர்க்கார நுரையைக் குழாயிலும் மூட்டுகளிலும் தடவினால் கசிவுள்ள இடத்திற் குமிழி எழும். சமையல் வாயு காற்றிலும் பாரமானதால் நிலத்தோடு தேங்கும். மணம் வந்தால் சிலிண்டரை மூடி, கதவுகளை அகலத் திறந்து, எந்தச் சுவிச்சையும் தொடாமல் வெளியேறுங்கள். சுவிச்சை அணைப்பதிலும் பொறி பிறக்கும்.

2022இல் ஒருநாளில் 13 மணி நேரம்வரை மின்சாரம் நின்றபோது குப்பி லாம்புகள் மீண்டும் வெளியே வந்தன. சில வீடுகளில் இன்னும் அலுமாரியின்மேல் நிற்கின்றன. உயரமான போத்தலில் மண்ணெண்ணெய் ஊற்றித் திரியிட்ட விளக்கு, பூனை தட்டினாலும் சரிந்து உருளும். இப்படிச் சரிந்த விளக்குகளால் வெந்தவர்களுக்குச் சிகிச்சையளித்து மனம் நொந்த இலங்கைச் சத்திரசிகிச்சை நிபுணர் விஜய கொடகும்புர, மார்மைற் போத்தலின் குட்டையான வடிவத்தைக் கண்டு 1990களிற் புதிய விளக்கொன்றை உருவாக்கினார். அது பாரமான தடித்த கண்ணாடி. சரிந்தாலும் உருளாதபடி இரு பக்கங்கள் தட்டை. மூடி திருகி இறுக்குவது. அதற்கு 1998இல் றோலெக்ஸ் விருது கிடைத்தது. பெரிய இயந்திரம் எதுவுமில்லை, ஒரு போத்தலின் வடிவந்தான்.

கொப்புளத்துக்குப் பற்பசை பூசியதாகச் சகோதரி எழுதியிருப்பதைக் கண்டு வருந்தினோம். வெந்த இடத்தைக் குழாய்நீரில் இருபது நிமிடங்கள் பிடிப்பதே முதலுதவி. பற்பசையும் வெண்ணெயும் வெப்பத்தை உள்ளே அடைக்கும். தீயணைப்புக்கு 110, நோயாளர் வண்டிக்கு 1990 என்ற இலக்கங்களைப் பிள்ளைகளின் கையெழுத்தில் எழுதித் தொலைபேசியருகே ஒட்டிவையுங்கள்.

கடைசியாக, புகைநெடி ஏறிய கூறைச்சேலையைப் பற்றியும் கேட்டிருக்கிறார். அதை ஸ்திரிக்கை போடாதீர்கள். சூடு நெடியை நூலிற் பதித்துவிடும். வெளியில் உதறி, நிழலிற் காற்றாட நான்கைந்து நாள் தொங்கவிட்டு, பின்னர் அப்பச்சோடா நிரப்பிய கிண்ணமொன்றுடன் பெட்டியில் வைத்து மூடுங்கள். ஒரு வாரத்தின்பின் முகர்ந்து பாருங்கள். நெடி போகாவிடில் மீண்டும் ஒருமுறை செய்யலாம். அவசரப்பட்டு நீரில் மாத்திரம் போடவேண்டாம்.