விஜய் அமிர்தராஜுக்கு மனவலிமை இல்லையா?

2024 ஜூலையில் அமெரிக்காவின் நியூபோர்ட் நகரிலுள்ள சர்வதேச டெனிஸ் புகழ் மண்டபத்தில் சென்னையைச் சேர்ந்த விஜய் அமிர்தராஜின் பெயர் சேர்க்கப்பட்டது. அதே விழாவில் லியாண்டர் பயஸும் கௌரவிக்கப்பட்டார். பயஸ் சேர்க்கப்பட்டது ஆட்டக்காரர் பிரிவில். விஜய் சேர்க்கப்பட்டதோ 'பங்களிப்பாளர்' பிரிவில். அதாவது வர்ணனையாளராக, ஆட்டக்காரர் சங்கத்தின் தலைவராக, இந்தியாவில் டெனிஸை வளர்த்தவராக அவர் ஆற்றிய பணிகளுக்கே அந்தக் கௌரவம்.

அதன் பின்னர் டெனிஸ் பேசும் தமிழர்கள் கூடும் இடங்களிலெல்லாம், அது சென்னையாயினும் கொழும்பாயினும் ரொறன்ரோவாயினும், ஒரு பழைய வழக்கு மீண்டும் விசாரணைக்கு எடுத்துக்கொள்ளப்படுவதைக் காண்கிறேன். வழக்கு என்று சொல்வதும் பொருந்தாது. தீர்ப்பு முன்னரே எழுதப்பட்டுவிட்டது. "திறமைக்கு என்ன குறை? மனவலிமைதான் போதாது." விஜயின் பெயரைச் சொன்னதும் இந்த வாசகம் எவர் வாயிலிருந்தாவது வந்துவிடுகிறது. ஆட்டக்காரராக மண்டபத்துக்குள் நுழைய முடியாமற்போனதும் இதற்கு அத்தாட்சியாகிவிட்டது.

சம்மாந்துறையிலிருந்து ஒருவன் டெனிஸைப் பற்றி எழுதுவது சிலருக்கு வேடிக்கையாக இருக்கலாம். வயலும் வாய்க்காலும் சூழ்ந்த எங்கள் ஊரில் உதைபந்தாட்டமும் கிரிக்கெட்டும்தான் விளையாட்டு. ஆயினும் விஜய் எங்களுக்கு அந்நியரல்லர். 'ஒக்டோபுசி' என்ற ஜேம்ஸ் பொண்ட் படத்தில் 1983 இல் தலைகாட்டியவரை டெனிஸ் அறியாதவர்களும் அறிந்திருந்தார்கள். செய்மதித் தொலைக்காட்சி வந்த பிறகு விம்பிள்டன் ஆட்டங்களுக்கு நடுவே அவருடைய நிதானமான ஆங்கிலக் குரலும் எங்கள் வீடுகளுக்குள் வந்தது. 'மனவலிமை இல்லை' என்ற சொல்லோ பத்திரிகைத் தொழிலில் நான் நாள்தோறும் கடந்து வந்த சொல். ஆகவே இதைப் பற்றிச் சொல்ல எனக்கும் சிறிது உரிமை உண்டு.

முதலில் குற்றப்பத்திரிகையைப் பார்ப்போம். அது வலுவற்றதன்று. விஜய் நான்கு தடவை கிராண்ட் ஸ்லாம் கால் இறுதிகளை எட்டினார்: 1973 இலும் 1981 இலும் விம்பிள்டனில், 1973 இலும் 1974 இலும் அமெரிக்க ஓப்பனில். அதற்கப்பால் ஒரு படியேனும் ஏறவில்லை. இவற்றுள் இரண்டும், வேறொரு விம்பிள்டன் ஆட்டமுமாக மூன்று தோல்விகளைத்தான் வழக்காடுவோர் திரும்பத் திரும்ப எடுத்து வைப்பார்கள்.

1973 இல் விம்பிள்டன் கால் இறுதியில் செக்கோஸ்லவாக்கியாவின் யான் கோடெஸிடம் ஐந்தாவது செட்டில் 7-5 என்று தோற்றார். அவ்வாண்டு தொழில்முறை ஆட்டக்காரர்களில் 80 பேருக்கு மேற்பட்டோர் விம்பிள்டனைப் புறக்கணித்திருந்தார்கள். கதவு திறந்து கிடந்தது, இவர் உள்ளே போகவில்லை என்பது குற்றச்சாட்டு. 1979 இல் இரண்டாம் சுற்றில் பியோன் போர்கை எதிர்கொண்டு முதல் மூன்று செட்களில் இரண்டை வென்றார். நான்காவது செட் டை-பிரேக் வரை சென்று கைநழுவியது. ஐந்தாவது 6-2 என்று போர்க் வசமாயிற்று. 1981 கால் இறுதியில் ஜிம்மி கொனர்ஸுக்கு எதிராக 6-2, 7-5 என்று முதலிரு செட்களையும் எடுத்துவிட்டு, அடுத்த மூன்றையும் இழந்தார்.

மூன்று ஆட்டங்களையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் 'வெற்றி நெருங்கும்போது இவர் தளர்ந்துவிடுகிறார்' என்ற முடிவு தானாகவே வந்து அமர்கிறது. ஆயினும் வலைக்கு மறுபுறத்தில் நின்றவர்கள் யார் என்பதையும் பார்க்க வேண்டாமா?

கோடெஸ் வெறும் அதிர்ஷ்டக்காரரல்லர். 1970 இலும் 1971 இலும் பிரெஞ்சு ஓப்பன் பட்டத்தை வென்றவர். ஏராளமானோர் புறக்கணித்த அந்த விம்பிள்டனில் பட்டம் வென்றவரும் அவரே. அதே ஆண்டு, எல்லோரும் திரும்பி வந்துவிட்ட அமெரிக்க ஓப்பனிலும் இறுதியாட்டம் வரை சென்றார். அவரை ஐந்தாவது செட்டில் 7-5 வரை இழுத்துச் சென்ற இளைஞனுக்கு வயது 19. போர்க் 1979 இல் விம்பிள்டன் பட்டத்தைத் தொடர்ச்சியாக நான்காவது முறை வென்றார். அத்தொடரில் அவரைத் தோல்வியின் வாயில்வரை கொண்டுபோனவர்களுள் விஜயும் ஒருவர் என்பதை எவரும் அவர் கணக்கில் வரவு வைப்பதில்லை.

கொனர்ஸ் விடயம் இன்னும் சுவையானது. விஜயைத் தோற்கடித்துவிட்டு 1981 அரையிறுதிக்குப் போன கொனர்ஸ், அங்கே போர்கை எதிர்த்து 6-0, 6-4 என்று முதலிரு செட்களை வென்றார். பின்னர் மூன்று செட்களையும் இழந்து வெளியேறினார். விஜய்க்கு நேர்ந்தது எதுவோ அதுவே அடுத்த சுற்றில், அதே புல்தரையில், அவரைத் தோற்கடித்தவருக்கும் நேர்ந்தது. கொனர்ஸுக்கு மனவலிமை இல்லை என்று எங்கேனும் எவரேனும் எழுதியதுண்டா? டெனிஸ் வரலாற்றிலேயே மிகப் பெரிய போர்க்குணம் படைத்தவர் என்றுதான் அவரைப் பற்றி எழுதுகிறார்கள். எட்டு கிராண்ட் ஸ்லாம் பட்டங்கள் அவரிடம் இருந்தன. அவை இருந்ததால் அந்த அரையிறுதி ஒரு 'மகத்தான ஆட்டம்' ஆயிற்று. விஜயிடம் பட்டம் எதுவுமில்லாததால் அவருடைய கால் இறுதி ஒரு 'சரிவு' ஆயிற்று.

பனிக்கட்டி மனிதர் என்று புகழப்பட்ட போர்க்கின் கதையும் இவ்வாறே. அமெரிக்க ஓப்பன் இறுதியாட்டத்தில் நான்கு தடவை விளையாடி நான்கிலும் தோற்றார். 1981 இல் மக்கன்ரோவிடம் தோற்றதும் பரிசளிப்புக்குக்கூட நிற்காமல் மைதானத்தை விட்டு வெளியேறினார். 26 வயதில் தொழில்முறை டெனிஸுக்கு முழுக்குப் போட்டார். இதையே தமிழர் ஒருவர் செய்திருந்தால் நாம் என்ன பெயர் வைத்திருப்போம் என்று எண்ணிப் பாருங்கள்.

இந்த விளையாட்டின் கணக்கே விநோதமானது. ரொஜர் ஃபெடரர் 2024 இல் அமெரிக்காவின் டார்ட்மவுத் கல்லூரியில் ஆற்றிய உரையொன்றில் தம்மைப் பற்றி ஒரு புள்ளிவிவரத்தைச் சொன்னார். தாம் ஆடிய 1526 ஒற்றையர் ஆட்டங்களில் ஏறத்தாழ 80 விழுக்காட்டை வென்றவர், புள்ளிகளில் வென்றது 54 விழுக்காட்டை மட்டுமே. உலகின் தலைசிறந்த ஆட்டக்காரருக்கே ஏறத்தாழ இரண்டில் ஒரு புள்ளி தோல்விதான். அதே ஃபெடரர் 2019 விம்பிள்டன் இறுதியில், ஐந்தாவது செட்டில் 8-7 என்று முன்னிலையில் தம்முடைய சேர்வில் இரண்டு வெற்றிப் புள்ளிகளைக் கையில் வைத்திருந்தும் ஜோகோவிச்சிடம் தோற்றார். அந்த ஆட்டத்தில் ஃபெடரர் வென்ற புள்ளிகள் 218, ஜோகோவிச் வென்றவை 204. கூடுதலான புள்ளிகளை வென்றவர் தோற்றார். இப்படியொரு விளையாட்டில் நான்கைந்து பந்துகளின் போக்கை வைத்து ஒரு மனிதனின் உள்ளத்தை அளந்து சொல்வதற்கு எவ்வளவு துணிச்சல் வேண்டும்!

டெனிஸ் அறியாத நம் நாட்டு வாசகர்களுக்கு வேறோர் உதாரணம் சொல்கிறேன். இலங்கை கிரிக்கெட் அணி 2007, 2009, 2011, 2012 ஆகிய ஆண்டுகளில் நான்கு உலகக் கிண்ண இறுதியாட்டங்களில் தோற்றது. ஐம்பது ஓவர் கிண்ணம் இரண்டு, இருபது ஓவர் கிண்ணம் இரண்டு. அந்நாட்களில் எங்கள் சந்தித் தேநீர்க்கடை முதல் கொழும்புப் பத்திரிகைகள் வரை எங்கும் ஒரே பேச்சு: இறுதியாட்டம் என்றால் இவர்களுக்கு நடுக்கம். 2014 ஏப்ரலில் மிர்பூரில் இந்தியாவைத் தோற்கடித்து இருபது20 கிண்ணத்தை வென்றதும், அதே வாய்கள் சங்கக்காரவின் இரும்பு மனத்தைப் பாடின. அன்று அவர் ஆட்டமிழக்காமல் பெற்றது 52 ஓட்டங்கள். 2009 இல் லோட்ஸ் மைதானத்தில் பாகிஸ்தானிடம் தோற்ற இறுதியாட்டத்தில் அவர் ஆட்டமிழக்காமல் பெற்றது 64. மஹேல ஜயவர்தன 2011 இல் மும்பையில் ஆட்டமிழக்காமல் 103 ஓட்டங்கள் எடுத்தார், அதுவும் தோல்வியே. ஆகவே 64 ஓட்டங்களும் 103 ஓட்டங்களும் மனவலிமையற்றவை, 52 ஓட்டங்கள் மனவலிமை மிக்கவை என்றாகிறது.

மனம் என்று ஒன்று ஆட்டத்தில் இல்லவே இல்லை என்று நான் வாதிடவில்லை. அழுத்தத்தில் கை இறுகுவதும் கால் கனப்பதும் உண்மை. யானா நொவோட்னா 1993 விம்பிள்டன் இறுதியில் ஸ்டெஃபி கிராஃபுக்கு எதிராகக் கடைசிச் செட்டில் 4-1 என்று முன்னிலை பெற்றிருந்து சரிந்ததைக் கண்டவர்கள் அதை மறுக்கமாட்டார்கள். அவரும் 1998 இல் அதே மைதானத்தில் பட்டம் வென்றார். ஐந்தாண்டுகளில் அவருக்குப் புதிய மனம் ஒன்று பொருத்தப்பட்டதா என்ன?

விஜய் விடயத்தில் மனத்தைக் காட்டிலும் உடலையே நான் முதலில் பார்ப்பேன். சிறு வயதில் நுரையீரல் நோயால் பெரிதும் வருந்தியவர். உடல் தேறட்டும் என்றுதான் டெனிஸ் ஆடவே விட்டார்கள். அவருடைய ஆட்டமோ சேர்வ் அடித்துவிட்டு வலைக்கு ஓடும் ஆட்டம். மூன்று மணி நேரத்துக்குப் பின்னரும் அதை அதே வேகத்தில் செய்யக் கால் வேண்டும், மூச்சு வேண்டும். போர்க்கோ அடித்தளக் கோட்டில் நின்று நாள் முழுதும் பந்தைத் திருப்பியடிக்கக்கூடியவர். 1979 இலும் 1981 இலும் கடைசிச் செட் 6-2 என்று முடிந்திருப்பதைப் பார்க்கையில் எனக்கு நினைவுக்கு வருவது களைப்பேயன்றிக் கோழைத்தனமன்று. இது என் ஊகம். ஆனால் 'மனவலிமை இல்லை' என்பதைவிட இது சோதித்துப் பார்க்கக்கூடிய ஊகம்.

இந்தப் பழிச்சொல் எங்கிருந்து வந்தது என்பதும் ஆராயத்தக்கது. விஜய்க்கு முன்னர் இராமநாதன் கிருஷ்ணன் மீதும் ஏறத்தாழ இதே சாயலில் எழுதினார்கள். 1960, 1961 இரண்டு ஆண்டுகளிலும் அவர் விம்பிள்டன் அரையிறுதி வரை சென்றார். முதலில் நீல் ஃபிரேசரிடம், பின்னர் ரொட் லேவரிடம் தோற்றார். அந்தந்த ஆண்டின் பட்டம் அவர்களுக்கே. மேனாட்டு எழுத்தாளர்கள் நம்மவர்களின் ஆட்டத்தை 'நளினம்', 'மென்மை', 'கீழைத்தேயக் கலை' என்றெல்லாம் வர்ணித்தார்கள். பாராட்டுப் போலத் தோன்றும் இச்சொற்களுக்குள் இன்னொரு பொருளும் உண்டு: இவர்கள் அழகாக ஆடுவார்கள், வெல்லமாட்டார்கள். நாமும் அதை வாங்கி நம் மொழியில் திருப்பிச் சொல்லத் தொடங்கிவிட்டோம். தோல்விக்குக் காரணம் தேடிப் பயிற்சி, பணம், மைதானம், பயண வசதி என்று கேட்பதைவிட 'நம்மவனுக்குத் துணிவு போதாது' என்று முடிப்பது இலகுவல்லவா? உயர்தரப் பரீட்சையில் வெட்டுப்புள்ளிக்குச் சற்றே கீழே நின்றுவிட்ட பிள்ளையைப் பார்த்தும் நாம் இதையேதான் சொல்கிறோம். அந்தப் பாடசாலையில் பௌதிகவியல் ஆசிரியர் இருந்தாரா என்று எவரும் கேட்பதில்லை.

மனவலிமைக்குச் சான்று வேண்டுவோர் டேவிஸ் கிண்ணப் பக்கங்களையும் புரட்ட வேண்டும். 1974 இல் கல்கத்தாவில் அவுஸ்திரேலியாவை இந்தியா 3-2 என்று வென்ற அந்த மோதலில் ஆடப்பட்ட கேம்களின் எண்ணிக்கை 327. விஜயும் தமையன் ஆனந்தும்தான் அந்த அணியின் முதுகெலும்பு. 1987 இல் டெல்லியில் ஆர்ஜென்டீனாவுக்கு எதிராக, 33 வயதில், தோல்வியின் விளிம்பிலிருந்து மீண்டு மார்ட்டின் ஹைட்டேயை ஐந்து செட்களில் வென்றார் விஜய். அவ்வாண்டு இந்தியா சிட்னியில் அவுஸ்திரேலியாவையும் சாய்த்து இறுதிக்குப் போனது. தீர்மானகரமான கடைசி ஆட்டத்தை வென்று கொடுத்தவர் இன்னொரு சென்னைக்காரர், இராமநாதன் கிருஷ்ணனின் மகன் ரமேஷ். கோத்தன்பர்க்கில் சுவீடனிடம் 5-0 என்று தோற்றார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

புகழ் மண்டபம் தன் அளவுகோலின்படி செய்தது தவறென்று நான் கூறமாட்டேன். கிராண்ட் ஸ்லாம் அரையிறுதியைக் காணாத ஒருவரை ஒற்றையர் ஆட்டக்காரராக அங்கே சேர்ப்பது கடினம். 1973 இல் அமெரிக்க ஓப்பனில் ரொட் லேவரையும் 1974 இல் அங்கேயே போர்கையும் வென்றவர் என்பது அந்த அளவுகோலில் ஏறாது. ஏறாமல் போகட்டும். அதை ஒரு மனிதனின் நெஞ்சுரத்துக்கான சான்றிதழாக வாசிப்பதைத்தான் நான் மறுக்கிறேன்.

1974 இல் அந்தக் கல்கத்தா வெற்றிக்குப் பிறகு இந்தியா சோவியத் ஒன்றியத்தையும் வென்று டேவிஸ் கிண்ண இறுதியாட்டத்துக்குத் தகுதி பெற்றது. எதிரணி தென்னாபிரிக்கா. நிறவெறி ஆட்சி நடத்தும் நாட்டுடன் விளையாடுவதில்லை என்று இந்தியா மறுத்துவிட்டது. விஜய்க்கு அப்போது 20 வயது, ஆட்டம் உச்சத்தில் இருந்த காலம். கிண்ணம் எட்டும் தூரத்தில் இருந்தது. தீர்மானம் அவருடையதன்று, அதன் விலையைக் கொடுத்தவர்களுள் அவர் ஒருவர். டேவிஸ் கிண்ண வெற்றியாளர் பட்டியலில் 1974 க்கு நேரே இன்றும் தென்னாபிரிக்காவின் பெயர்தான் இருக்கிறது. ஒரு பந்துகூட அடிக்கப்படாத இறுதியாட்டம் அது.