போதை மயக்கமா, மண்டைக்குள் ரத்தக்கசிவா? தூங்க விட்டால் உயிருக்கே ஆபத்து!

டாஸ்மாக் கடையில் இருந்து பைக்கில் கிளம்புகிறார் ஒருவர். ஹெல்மெட் இல்லை. வளைவில் சறுக்கி விழுந்து தலையில் அடி. எழுந்து நிற்கிறார், பேசுகிறார். வீட்டுக்கு கூட்டி வந்து படுக்க வைக்கிறார்கள். "சரக்கு ஓவர், காலைல தெளிஞ்சிடும்" என்கிறார்கள். காலையில் எழுப்பினால் அசைவே இல்லை.

இப்படி கதை நம்ம ஊர் பக்கம் புதுசு இல்லை. மண்டைக்குள் என்னதான் நடக்கிறது?

இரண்டாவது அடி

தலை மோதியதுமே சில மூளை செல்கள் செத்துவிடும். அதோடு முடிவதில்லை. அடிபட்ட செல்களில் இருந்து குளூட்டமேட் என்ற ரசாயனம் அளவுக்கு மீறி கொட்டும். அதனால் பக்கத்து செல்களுக்குள் கால்சியம் புகுந்து அவற்றையும் கொல்லும். மூளை வீங்கும். இது மணிக்கணக்கில், நாள்கணக்கில்கூட நடக்கும். டாக்டர்கள் போராடுவது இந்த செல்களை காப்பாற்றத்தான்.

அந்த நேரத்தில் மூளைக்கு தேவை ஆக்சிஜனும் ரத்த ஓட்டமும். போதை தலைக்கேறினால் மூச்சு மந்தமாகும், ரத்த அழுத்தம் இறங்கும். வாந்தி மூச்சுக்குழாயை அடைக்கும்.

பல வருஷமாக குடிப்பவர்களுக்கு மூளை சுருங்கி, அதன் மேலுள்ள ரத்தக்குழாய்கள் இழுபட்டு நிற்கும். லேசான அடிக்கே அறுந்துவிடும். கல்லீரல் கெட்டிருந்தால் ரத்தமும் சீக்கிரம் உறையாது.

"குடிச்சவனுக்கு அடி தாங்கும்" என்பார்கள். எலிகளிடம் நடந்த சில ஆய்வுகளில், குறைந்த அளவு மது பாதிப்பை கொஞ்சம் குறைத்தது நிஜம். ஆனால் அளவு கூடியபோது அந்த பலன் இல்லை. இதை நம்பி யாரும் வண்டி ஓட்ட முடியாது.

ஒரே அறிகுறி

பேச்சு குழறல், தள்ளாட்டம், வாந்தி, தூக்கம். போதைக்கும் இதுதான், ரத்தக்கசிவுக்கும் இதுதான். சி.டி. ஸ்கேன் எடுத்தால்தான் தெரியும்.

பலர் ஆஸ்பத்திரிக்கு போகாததற்கு காரணம் போலீஸ் பயம். குடித்துவிட்டு ஓட்டினால் முதல் முறை ரூ.10 ஆயிரம் அபராதம் அல்லது 6 மாதம் வரை ஜெயில் என்பது உண்மை. ஆனால் தூக்கி வந்து சேர்ப்பவர் மேல் வழக்கு கிடையாது என்று 2019-ல் திருத்திய மோட்டார் வாகன சட்டமே சொல்கிறது. விபத்தில் சிக்கியவர்களுக்கு முதல் 48 மணி நேர சிகிச்சையை இலவசமாக தரும் தமிழக அரசு திட்டமும் 2021 டிசம்பரில் இருந்து இருக்கிறது.

அதனால் தலையில் அடிபட்டு குடித்திருப்பவரை தூங்க விடாதீங்க. உடனே 108-க்கு போன் போடுங்க. வெறும் போதைதான் என்று டாக்டர் சொன்னால் நல்லது. அதை நாமே முடிவு பண்ணக்கூடாது.